அக்காள் காலடி

கிட்ட வந்து உட்காருங்கள், பிள்ளைகளா. இன்னும் கொஞ்சம். தொண்டையைக் கிழித்துச் சொல்கிற கதை இல்லை இது.

கொம்பையா ஆசானின் சிலம்பக் களத்தில் பேச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் கம்பைச் சுற்றினால் காற்று நுழைய வழி தேடும். அவளுக்கு ஒரு தங்கச்சி, மாடத்தி. அக்காள் நின்றால் நிற்பாள், அக்காள் துப்பினால் துப்புவாள். கம்பு பிடித்ததும் அப்படித்தான்.

ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த போட்டியில் கீழூர்க்காரி ராமலட்சுமி வீசிய கம்பு பேச்சியின் இடது முட்டியில் விழுந்தது. வீக்கம் வற்றிக் காலும் தேறிவிட்டது. ஆனாலும் இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் அந்தக் காலை ஊன்றாமல் ஒரு கெந்து கெந்துவாள். அடுத்த கொடையில் ராமலட்சுமி அந்தக் கெந்துக்காகவே காத்திருந்து, கம்பால் அவளைத் தொட்டு ஜெயித்துவிட்டாள்.

இந்த வருஷம் மாடத்தி இறங்க வேண்டும். ஊரே அவளை நம்பி இருக்கிறது. என்ன பிரயோசனம்? ஆட்டுக்குட்டி மாதிரி கால் இருந்தும், இடப்பக்கம் திரும்பினால் அவளும் கெந்தினாள். அக்காளும் தங்கச்சியும் பாண்டி ஆடுகிறார்கள் என்று களத்துப் பிள்ளைகள் கேலி பேசினார்கள். ஆசான் சொல்லிப் பார்த்தார். பேச்சி கெஞ்சிப் பார்த்தாள், காதைத் திருகியும் பார்த்தாள். சரிக்கா என்பாள் மாடத்தி. மறு சுற்றில் கெந்துவாள்.

இவளும் அதே இடத்தில் அடி வாங்கப்போகிறாளே என்று பேச்சிக்குச் சோறு இறங்கவில்லை. ஆசானிடம் போனாள்.

"ஆசானே, இவளை எப்படித் திருத்த?"

ஆசான் குனிந்து அவள் முட்டியைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"வலிக்கா?"

"இல்ல, ஆசானே."

"பொறவு எதுக்குக் கெந்துத?"

பேச்சி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வந்து, புதுசாச் சேர்ந்த பிள்ளைகளோட நின்னு காலடி போடு."

"நானா? நான் கேட்டது தங்கச்சிக்கு."

"அவளுக்குத்தான் சொல்லுதேன்."

பேச்சிக்கு முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் போய் நின்றாள். மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளுக்கு நடுவே ஒற்றைப் பனை மாதிரி அவள். இடது காலை ஊன்று, திரும்பு. ஊன்று, திரும்பு. பயம் முட்டியைக் கவ்விப் பிடித்தது. கெந்தினாள். கெந்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்ற வாண்டு ஒன்று, நான் சொல்லித் தரட்டுமா அக்கா என்று கேட்டது. சொல்லித் தா என்றாள்.

மாடத்தியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாடத்தி தன் கம்பைச் சுற்றியபடியே அக்காளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெல்ல மெல்லப் பேச்சியின் கால் மண்ணை நம்பியது. பிறகு ஒரு காலையில் ஆசான் அவளுக்குக் கண்ணைக் காட்டினார். அந்தப் பக்கம் மாடத்தி இடப்பக்கம் திரும்பினாள். பாதம் முழுசாக மண்ணில் பதிந்திருந்தது. அது அவளுக்கே தெரியவில்லை.

கொடை வந்தது. அக்காளைப் போலத்தானே தங்கச்சியும் என்று, ராமலட்சுமி கெந்துக்காகக் கம்பைத் தாழ்த்திக் காத்திருந்தாள். மாடத்தி திரும்பினாள். கெந்து வரவில்லை, கம்புதான் வந்தது. ராமலட்சுமியின் தோளில் பூ வைத்த மாதிரித் தொட்டுவிட்டு நின்றது. தோற்ற ராமலட்சுமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேச்சிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. ஆசானின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

ஜெயித்த பிள்ளை கம்பை ஆசான் காலில் வைத்துக் கும்பிட வேண்டும், அது களத்து வழக்கம். மாடத்தி வந்தாள். இரண்டு கையிலும் கம்பை ஏந்திக் குனிந்தாள்.

ஆசான் விலகிக்கொண்டார். அந்த இடத்தில் இப்போது பேச்சி நின்றாள்.

"ஆசானே, இது என்ன..."

"பிள்ளை எவ்வளவு நேரம் குனிஞ்சுக்கிட்டே நிப்பா? கம்பை வாங்கு."

சொல்லிவிட்டு அவர் கூட்டத்துக்குள் போய், கீழூர்க்காரர்களை இடித்துக்கொண்டு நின்று, கை தட்டினார்.