வானத்துக்குக் கம்பளி போர்த்திய ராஜா

முன்னொரு காலத்தில், ஏழு குன்றுகளுக்கு நடுவே ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதை ஆண்ட மகரகேதுவுக்குத் தை மாதப் பனி ஆகாது. வெளியே தலை நீட்டினால் அடுக்கடுக்காகத் தும்மல்! சரி, போர்த்திக்கொண்டு உள்ளே படுக்க வேண்டியதுதானே? அதுதான் இல்லை. பௌர்ணமிதோறும் ஜனங்கள் நிலாச்சோறு தின்று, கும்மியடித்துச் சிரிப்பதைக் கேட்டு அவனுக்கு வயிறு எரிந்தது.

ஒரு தைப் பௌர்ணமி மாலை மந்திரவாதி காளகண்டனைக் கூப்பிட்டான். அவன் மூன்று முறை கைதட்டினான், மூன்று முறை உறுமினான், மூன்று முறை ஊதினான். கறுப்புக் கம்பளி ஒன்று விரிந்து விரிந்து வானத்தையே மூடிவிட்டது! "உங்களுக்குச் சளி பிடிக்கக் கூடாதென்றே மூடினோம். எல்லாம் உங்கள் நன்மைக்கே" என்று முரசறைந்தார்கள். கேட்டீர்களா அநியாயத்தை?

வஞ்சியாத்தாள் கிணறு வெட்டுகிறவள். பகலெல்லாம் ஐம்பதடி ஆழத்தில் மண் அள்ளுவாள். அங்கிருந்து பார்த்தால் கிணற்று வாயளவுதான் வானம். முழு வானமும் அவளுக்கு ராத்திரியில்தான். அதிலும் இந்தத் தைப் பௌர்ணமிக்காக வருஷம் முழுக்கக் காத்திருந்தாள். அதையும் பிடுங்கினால் விடுவாளா?

நிலா இல்லாமல் நிலாச்சோறு தின்பது அந்த ஊரில் வழக்கமில்லை. எல்லாரும் சட்டிகளை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள். அவள் மட்டும் அரண்மனைக்குப் போனாள்.

"நிலாவை எதுக்குங்க மூடுனீங்க?"

"உன் நன்மைக்கு" என்றான் காவல்காரன். "உன் நன்மைக்கு" என்றார் மந்திரி. "உன் நன்மைக்குத்தான், புள்ளே... அச்!" என்றான் ராஜா, போர்வைக்குள்ளிருந்து.

"என்ற நன்மை என்னன்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? தும்மல் உங்களுக்கு, இருட்டு எங்களுக்குங்களா?"

காளகண்டன் விழுந்து விழுந்து சிரித்தான். "நன்றாகக் கத்து! ஊரே ஒன்றாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால்தான் என் கம்பளி கிழியும். ஊர்தான் உள்ளே போய்ப் படுத்தாயிற்றே!"

தன் வாயாலேயே கெட்டான் மடையன். வஞ்சியாத்தாள் ஓடினாள். வீடு வீடாகக் கதவைத் தட்டினாள்.

"சோத்துச் சட்டியோட வெளிய வாங்க!"

"நிலா இல்லாம எப்படியக்கா?"

"வழக்கம் கெட்டாக் கெடட்டும்! வந்து உக்காந்து அண்ணாந்து பாருங்க. நம்ம வானத்தை இன்னொருத்தன் மூடுவான், நாம சட்டியை மூடிட்டு உள்ள போயிருவோமா?"

அது சுருக்கென்று தைத்தது. முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். பனியில் நடுங்கிக்கொண்டே களத்தில் உட்கார்ந்தார்கள். நாலு பேர் அண்ணாந்ததும் கம்பளியில் ஒரு பொத்தல், அதில் ஒரு நட்சத்திரம்! நாற்பது பேர் அண்ணாந்ததும் நூறு நட்சத்திரம்! ஊரே அண்ணாந்ததும் டர்ர்ரென்று கிழிந்தது கம்பளி. முழு நிலா வெளியே வந்தது. கிழிந்த கம்பளி காளகண்டன் தலையில் விழுந்து, அவனைச் சுருட்டிக்கொண்டு ஏழு குன்றும் தாண்டி உருண்டே போனது.

கும்மிச் சத்தம் கேட்டு ராஜாவும் வந்தான், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"எனக்கும் கொஞ்சம் இடம்..."

வஞ்சியாத்தாளுக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் நிலாச்சோறு கேட்டு வந்தவரைத் துரத்த முடியுமா? ஒரு உருண்டையை அவன் கையில் வைத்தாள்.

"ஓரமாப் போய் உக்காருங்க, ராசா. கிரீடத்தையும் கழட்டிப்போடுங்க. பின்னால இருக்குறவங்களுக்கு மறைக்குது."