டீச்சர் விளையாட்டு

"நான் போதாதா சார்?" என்று ஜெயசுதா கேட்டே விட்டாள்.

மலையடிவாரத்து அரசுத் தொடக்கப் பள்ளி அது. பாதிப் பிள்ளைகள் இருளர் காலனியிலிருந்து வருகிறவர்கள். இருளர் வீட்டில் பிறந்து படித்த ஓர் ஆசிரியரை அனுப்புங்கள் என்று தலைமையாசிரியர் இருதயராஜ் மூன்று வருடமாக மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். பதில் வராவிட்டாலும் மனிதர் விடுவதாயில்லை.

ஜெயசுதாவுக்கு அது உறுத்தியது. அவளைப் போல உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்துகிறவர்கள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஆனாலும் நாலாம் வகுப்புக் கன்னியம்மா இரண்டு வருடமாக வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவாள். பேசச் சொன்னால் தலை கவிழ்ந்துவிடும். காலனிப் பெண்கள் ஐந்தாவதோடு நின்றுவிடுவது வழக்கம். இவளும் நின்றுவிடுவாளோ என்று நினைத்தாலே ஜெயசுதாவுக்குச் சோறு இறங்காது.

"கதை சொன்னேன், பூ வெச்சுவிட்டேன், கெஞ்சிக்கூடப் பாத்துட்டேன். என்கிட்ட என்ன சார் குறை?"

"ஒரு குறையும் இல்ல டீச்சர். இப்படி வாங்க."

ஜன்னலோரம் கூட்டிப்போனார். புங்கமரத்தடியில் சிறுமிகள் டீச்சர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். துண்டைச் சேலையாகச் சுற்றியிருந்தவள் டீச்சர். கன்னியம்மா ஒரு வேப்பங்கொத்தால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"அவளை டீச்சரா விடமாட்டாங்களா?"

"விடுவாங்க. நானே துண்டை நீட்டினேன். வேணாம்னுட்டா. ஆயா வேலையை அவளாத்தான் எடுத்துக்கறா."

சொல்லிவிட்டு அவர் மேலிடத்துக்கு அடுத்த கடிதத்தை எழுத உட்கார்ந்தார்.

மழைக்காலம் முடிந்து ஒரு திங்கட்கிழமை. வராந்தாவில் ஒரு பெண் நின்றிருந்தாள். கறுத்து மெலிந்த உடம்பு, நூல் சேலை, தோளில் துணிப்பை.

"சாதி சர்டிபிகேட்டுக்கா வந்தே? ஹெச்.எம். பதினோரு மணிக்குத்தான் பாப்பாரு. அப்படி ஓரமா நில்லு" என்றாள் ஜெயசுதா.

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"நான் குமுதா. இங்க டீச்சரா போட்டிருக்காங்க."

வாசல் கூட்டிக்கொண்டிருந்த கன்னியம்மாவின் கை அப்படியே நின்றது.

"மன்னிச்சிடுங்க" என்று ஜெயசுதா தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"பரவால்லங்க. பழகினதுதான்" என்றாள் குமுதா. பிறகு கன்னியம்மாவின் பக்கம் குனிந்து, காலனிப் பேச்சில் அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தாள்.

இருதயராஜ் எழுந்து வந்து புது டீச்சருக்கு நாற்காலி போட்டார். அவள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலனிப் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

மதியம் புங்கமரத்தடியிலிருந்து இதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது. ஜெயசுதா டிபன் பாக்ஸை அப்படியே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

கன்னியம்மா துண்டைச் சுற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றிருந்தாள்.

"நான் கன்னியம்மா. இங்க டீச்சரா போட்டிருக்காங்க. எல்லாரும் உக்காருங்க."

ஜெயசுதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷமும் பொறாமையும் ஒன்றாக வந்தன. கழுவாத கையோடு இருதயராஜிடம் ஓடினாள்.

"சார், கன்னியம்மா பேசறா! ரெண்டு வருஷமா என்னால முடியல. அவங்க அப்படி என்ன சார் சொல்லிக்கொடுத்தாங்க?"

இருதயராஜ் ஸ்கேலை வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்க இன்னும் வகுப்புக்கே போகலையே டீச்சர். இப்பத்தான் டைம்டேபிள் போடறேன்."