ஏரிக்குள் ஒரு கூடாரம்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மழை பொய்த்த ஒரு வருஷம், தாசில்தார் சேஷகிரி ராவ் வரி வசூலுக்கு வந்து, இடம் பார்த்துக் கூடாரம் அடித்தார். எங்கே? வறண்டு வெடித்துக் கிடந்த ஏரியின் நட்டநடுவில்!

குடியானவன் கொளஞ்சி போய்க் கும்பிட்டான். "பயிரெல்லாம் கருகிப்போச்சு சாமி. இந்த வருஷம் வரியைத் தள்ளுபடி பண்ணணும்."

"ஏரி ததும்புதுன்னு கணக்குல எழுதியாச்சு. வரியைக் கட்டு, இல்லேன்னா உன் நிலம் ஏலத்துக்குப் போகும்!"

மறுநாள் காலை, தமிழ் தெரிந்த கலெக்டர் துரை குதிரையில் ஏரிக்கரைக்கு வந்தார். அவர் தலை தெரிந்ததுதான் தாமதம், கொளஞ்சி தாம்புக்கயிற்றைத் தூக்கிக்கொண்டு, "ஐயோ, நம்ம தாசில்தார் ஏரியில முழுகிட்டாரே!" என்று அலறியபடி ஓடினான். ஊரே பின்னால் ஓடியது. பாதி சவரத்தில் உட்கார்ந்திருந்த தாசில்தாரின் இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கரைக்கு இழுத்தார்கள்.

"விடுங்கடா! பைத்தியமா உங்களுக்கு? இந்த ஏரியில பொட்டுத் தண்ணி கிடையாதுடா!"

துரை குதிரையை நிறுத்திவிட்டுத் தாசில்தாரையே பார்த்தார்.

கொளஞ்சி பணிவாகக் குனிந்தான். "அதை அப்படியே கணக்குல எழுதிடுங்க சாமி, கயித்தை அவுத்துடறேன்."