கிளறிய சோறு

“ஐயா, பசிச்சவனுக்குச் சோறு கொடுத்தது பாவமா?”

உபதேசியார் ஞானாபரணம் கேட்டார். வெள்ளம் வடிந்து நான்காம் நாள். வேதக்கோயில் வராந்தாவில், கூரை ஒழுகி நனைந்த பாட்டுப் புத்தகங்களை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார் போதகர் யேசுவடியான். தன் கீழ் ஊழியம் செய்யும் உபதேசியாரைவிடப் பத்து வயது இளையவர்.

“யாருக்குக் கொடுத்தீர்?”

“கீழூர் இசக்கியப்பனுக்கு.”

கோயில் மேட்டில் இருந்தது, கீழூர் ஆற்றங்கரையில். கீழூர் மூழ்கியபோது, அசனத்துக்கென்று வாங்கிய அரிசியும் ஆடுகளும் கோயிலில் இருந்தன. வருடத்துக்கு ஒருமுறை சபையே கூடி உண்ணும் கறிச்சோறுதான் அசனம். இந்த வருடம் கீழூருக்குக் கொடுத்துவிடுவோம் என்று சபை ஒரே வாயாகச் சொன்னது. சமைத்ததை டிராக்டரில் கொண்டுபோனவர் உபதேசியார்.

“பள்ளிக்கூட மாடியில அம்பது அறுபது பேரு ஐயா. ரெண்டு நாள் பட்டினி. எல்லாரும் வாங்கிச் சாப்பிட்டாக. இசக்கியப்பன் மட்டும் எனக்கு வேண்டாம்னுட்டாரு. கழுத்துல மாலை. சபரிமலைக்கு.”

“நீர் என்ன சொன்னீர்?”

“சும்மா சாப்பிடும் சாமி, உங்க சாமியும் எங்க சாமியும் மேல பேசித் தீர்த்துக்கிடுவாகன்னேன். எல்லாரும் சிரிச்சாக. அவரும் சிரிச்சாரு.”

“சாப்பிட்டாரா?”

“மக பக்கத்துல இருந்தா. மாசமா இருக்கா. ரெண்டு தடவை கலைஞ்சு, இது மூணாவது. அப்பா சாப்பிட்டாத்தான் நானும்னு தட்டைத் தள்ளி வச்சிட்டா. அவரு அவளைப் பார்த்தாரு. என்னையும் பார்த்தாரு. சாப்பிட்டாரு.” உபதேசியாரின் குரல் தாழ்ந்தது. “அந்தப் பேறுகாலம் நல்லபடியா முடியணும்னுதான் மாலையே போட்டாராம். இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.”

போதகர் ஒரு புத்தகத்தின் ஒட்டிய தாள்களை மெல்லப் பிரித்தார்.

“வெறுஞ்சோறு இல்லையா?”

“மூணு அண்டா இருந்துச்சே. இங்கேயே கறிக்குழம்பை ஊத்திக் கிளறித்தான் ஏத்தினோம். தனித்தனியாப் பரிமாற அங்க நேரம் ஏதுன்னு…” உபதேசியார் நிறுத்திக்கொண்டார்.

“யார் சொன்னா?”

“நீங்கதான் ஐயா.”

“ஆமா,” என்றார் போதகர். “நான்தான்.”



“மன்னிப்புக் கேக்கணும் ஐயா. என்னன்னு சொல்லிக் கேக்கன்னு தெரியல.”

“வாரும், போவோம்.”

“அரிசி ஒரு மூட்டை எடுத்துக்கிடட்டா?”

“வேண்டாம். வெறுங்கையோட வாரும்.”

இசக்கியப்பன் வீட்டுக்குள் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் நின்ற கோடு சுவரில் நெஞ்சளவுக்கு இருந்தது. அதற்கு மேலே ஓர் ஆணி. ஆணியில் கழற்றி மாட்டிய மாலை. உபதேசியார் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

போதகர் ஈரத் தரையில் உட்கார்ந்தார்.

“பசிக்குது. ஏதாவது இருக்கா?”

உபதேசியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இசக்கியப்பனோ முகம் மலர்ந்து மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார்.

“கஞ்சி இருக்கு ஐயா. தொட்டுக்கிடத் துவையல் இருக்கு. பக்கத்து வீட்டுல கருவாடு சுடுதாக, வாங்கியாரேன்.” வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். “இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே. உங்கள்ல சில பேரு கவிச்சி தொட மாட்டாகள்லா. உங்களுக்கு எப்படி ஐயா? உபதேசியாரே, உமக்கு?”

போதகர் உபதேசியாரைப் பார்த்தார்.

“துவையல் போதும்,” என்றார் உபதேசியார்.

மகள் கஞ்சி ஊற்றினாள். குடித்து முடித்து எழுந்தபோது இசக்கியப்பன் சொன்னார்: “தை மாசம் இவளுக்குப் பேறுகாலம். உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்க. ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கிடட்டும்.”

அவர் சிரித்தார். இந்தமுறை வேறு யாரும் சிரிக்கவில்லை.

வாய்க்கால் கரையில் திரும்பி வரும்போது உபதேசியார் நின்றுவிட்டார்.

“மன்னிப்புக் கேக்கத்தானே ஐயா வந்தோம்? கேக்கவே இல்லையே.”

போதகர் திரும்பிப் பார்த்தார்.

“கருவாடு வாங்குமுன்னே உமக்கு எப்படின்னு அவர் கேட்டாரே. அதைக் கேட்டீரா?”