பாயில் ஏறிய நண்டு

அந்தக் காலத்தில் கடலில் இருந்தவையும் கரையில் இருந்தவையும் ஒரே மொழி பேசின. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு மீனவர் குப்பம். அங்கே ஒவ்வொரு குடும்பமும் தன் சின்னத்தைத் தோணியின் பாயில் வரைந்திருந்தது. எந்த உயிரை வரைவதானாலும் அதன் சம்மதம் வேண்டும். சின்னம் இல்லாத தோணிக்குத் துறையில் இடம் கிடையாது.

கடலாயி அங்கே புதிதாகக் குடிவந்தவள். தோணி இருந்தது, சின்னம் இல்லை.

"நாளை பொழுது சாய்வதற்குள் சின்னம் வேண்டும், தாயி. இல்லாவிட்டால் வேறு கரை பார்த்துக்கொள்" என்றார் ஊர்த்தலைவர் சங்கப்பன்.

அவள் சுறாவிடம் கேட்டாள். "ஏற்கெனவே ஏழு வீட்டுக்கு நான்தான். ஆளை விடு!" என்றது சுறா. கடற்கழுகு சிறகை விரித்துப் பறந்துபோய்விட்டது.

"அக்கா, என்னை வரைந்துகொள்ளேன்" என்று சேற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. குட்டி நண்டு ஒன்று, நெல்மணி அளவே இருந்த இரண்டு கொடுக்குகளையும் உயர்த்தியது.

கடலாயி சிரித்துவிட்டாள். "உன்னை வரைந்தால், பாயில் சேறு பட்டிருக்கிறது என்பார்களே, தம்பி!"

தோணியைத் துறைக்கு வெளியே அலையாத்தி மரத்தின் வேரில் வடத்தால் கட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் நண்பகலில் புயல் வந்தது. வடம் அறுந்தது. கடலாயி முழங்கால் சேற்றில் ஓடி வந்தாள். அதற்குள் நண்டு ஒரு கொடுக்கால் வேரையும் மறு கொடுக்கால் வடத்தையும் பற்றிக்கொண்டது.

"விட்டுவிடு தம்பி, கை பிய்ந்துவிடும்!"

"விட்டால் நீ எந்தக் கரைக்குப் போவாய், அக்கா?"

காற்று ஓயும்வரை நண்டு விடவில்லை. வேரைப் பிடித்த கொடுக்கு சிறியதாகவே இருந்தது. வடத்தைப் பிடித்ததோ இழுபட்டு இழுபட்டு உடம்பைவிடப் பெரிதாகியிருந்தது.

சங்கப்பன் வந்து பார்த்தார். "சுறாவை வரைந்த தோணிகளில் இரண்டைக் காணோம். இது நிற்கிறதே!" என்றவர், தாமே காவியைக் குழைத்தார்.

"பெரிதாக வரையுங்கள், ஐயா. நடுக்கடலிலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும்" என்றாள் கடலாயி.

பொழுது சாயுமுன் பாய் விரிந்தது. தோணி துறைக்குள் நுழைந்தது. குப்பமே ஆரவாரம் செய்ய, சேற்றில் நின்ற நண்டு தன் பெரிய கொடுக்கைத் தூக்கி ஆட்டியது.

அன்று முதல்தான் கடலாயியின் வழிவந்தவர்களின் பாயில் ஒற்றைப் பெருங்கொடுக்கு நண்டு சிவந்து நிற்கிறது. அந்த நண்டின் வழிவந்த ஆண் நண்டுகளும், நீர் வடிந்ததும் சேற்றுக்கு வந்து, தங்கள் பாய் கரை சேருவதைப் பார்த்துப் பெரிய கொடுக்கை ஆட்டுகின்றன.