தொப்பைக்கு ஒரு பதிலாள்

வேம்பாறைக் கோட்டையை ஆண்ட கொழுந்துவேல் ராஜாவுக்கு வெளியில் எதிரி யாரும் இல்லை. இருந்த ஒரே எதிரி அவருடைய தொப்பைதான். அவர் சபைக்குள் வருவதற்கு முன்னால் அது வந்துவிடும்.

தேர்த்திருவிழாவுக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. அன்றைக்கு ராஜா தன் பாட்டனாரின் வெள்ளிக் கச்சையை இடுப்பில் கட்டிக்கொண்டு யானைமேல் வர வேண்டும். கட்டிப் பார்த்தார். கச்சையின் இரண்டு முனையும் தூரத்தில் நின்று ஒன்றையொன்று பார்த்ததோடு சரி. இது எப்படியோ ராணியின் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. அவர் ஆள் விட்டுக் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு ஒரு முழம் கயிறு அனுப்பட்டுமா?"

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மல்லர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பலவேச வஸ்தாதைக் கூப்பிட்டார்.

"வெளியே தெரியக் கூடாது. அரண்மனைக்குள்ளேயே செய்யணும். சீக்கிரம் இளைக்கணும்."

"வீட்டோட செஞ்சாலும் விளையாட்டா செய்ய முடியாது மகாராஜா. காலையில தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. சாயங்காலம் மறுபடியும் முதல்லேருந்து" என்றார் வஸ்தாது.

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு ராஜா தண்டால் எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் படுத்துவிட்டார். காவலர்கள் தூக்கி உட்கார வைத்தார்கள். அடுத்த நாள் தும்மினால் வயிறு வலித்தது. சிரித்தால் விலா வலித்தது. ராணி பக்கம் திரும்பக்கூட உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா அங்கப்பிரதட்சணம் வேண்டிக்கொண்டால் அவருக்குப் பதிலாக ஓர் ஆள் கோயிலைச் சுற்றி உருளுவான். புண்ணியம் ராஜாவுக்கு. ஆனால் பதிலாள் உருளுவதை ராஜா மட்டும்தான் பார்க்கலாம். வேறு யாராவது பார்த்தால் பலன் அவர்களுக்குப் போய்விடும் என்பார்கள்.

ராஜா யோசித்தார். உருளுவதன் பலன் வரும்போது தண்டாலின் பலன் மட்டும் வராதா? உடனே சூடாமணியைக் கூப்பிட்டார். சூடாமணி சபையின் பேச்சுக்காரன். வாய்க்கு ஓயாமல் வேலை கொடுப்பான், கைக்குக் கொடுக்க மாட்டான்.

"சூடாமணி, இனிமே எனக்குப் பதிலா நீ தண்டால் எடு. திருவிழாவுக்குள்ள என் தொப்பை கரையணும். கரையலைன்னா, நீ மூட்டையைக் கட்டிக்கிட்டு வேற ஊரைப் பாரு."

சூடாமணி நேரே வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி அன்னக்கொடி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"கிணத்துலேருந்து ஒரு குடம் தண்ணி கொண்டாங்கன்னா இடுப்பு பிடிச்சுக்குது. நீங்க ராஜாவுக்குத் தண்டால் எடுக்கப் போறீங்களா?"

"நான் எடுத்தா அவர் தொப்பை எப்படிடி கரையும்? அவர் எழுந்து நடந்தாத்தானே? சொன்னா கேக்கிற ஆளா அவர்?"

"நம்ம புள்ளை மட்டும் கேக்குதா? நடடா கண்ணுன்னா அப்படியே உக்காந்துக்குது. அந்த அறையில நான் எதையோ ஒளிச்சுத் திங்கிறேன்னு தெரிஞ்சா மட்டும் எப்படித்தான் வருதோ, வாசப்படியெல்லாம் தாண்டி வந்துடுது."

சூடாமணி பிள்ளையைப் பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனைக்கு நடந்தான்.

"மகாராஜா, செய்யறேன். ஆனா இங்கே பத்துப் பேர் பார்ப்பாங்க. பலன் போயிடும். மலைமேல இருக்கிற மண்டபத்தை எனக்குக் கொடுங்க. உடம்பு உழைக்கும்போது தெம்பு வேணும். தினமும் ஒரு பானை அதிரசம் மேலே வரட்டும்."

ராஜா ஒப்புக்கொண்டார். மண்டபத்துக்குப் போகும் படிகள் குறுகல். பல்லக்கு போகாது.

சில நாள் ஆயிற்று. வஸ்தாது ராஜாவின் காதில் ஓதினார்.

"தண்டால் எடுக்கிறவனுக்குத் தோள் விரியும் மகாராஜா. நேத்து இவன் வீட்டுக்குப் போறப்போ பார்த்தேன், கன்னம்தான் விரிஞ்சிருக்கு."

ராஜாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆள் அனுப்பிப் பார்க்கலாம் என்றால், தொப்பை கரைகிற பலன் அந்த ஆளுக்குப் போய்விடுமே. வேறு வழியில்லாமல் தானே படியேறினார். நாலு படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தார். அவர் மூச்சுவாங்கும் சத்தம் அவருக்கு முன்னாலேயே மலையேறியது. மேலே சூடாமணி ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு தண்டால் எடுத்துக்கொண்டிருந்தான்.

"வேர்வையா இது?"

"எல்லாம் உங்களுக்காகத்தான் மகாராஜா."

ராஜா இறங்கினார். கீழே வந்ததும் சந்தேகம் திரும்பி வந்தது. மறுநாளும் ஏறினார். காலையில் ஏமாந்தால் சாயங்காலம் பிடித்துவிடலாம் என்று சாயங்காலமும் ஏறினார். செருப்புச் சத்தம் காட்டிக்கொடுக்கிறது என்று வெறுங்காலோடு ஏறினார். அவர் ஏறுகிற அவசரத்தில் சாப்பாட்டு நேரம்கூடத் தவறியது.

திருவிழாவுக்கு முதல் நாள், ராஜா மூச்சிரைப்பே இல்லாமல் பூனைபோல மேலே போய்ச் சேர்ந்தார். சூடாமணி கால்மேல் கால் போட்டு மல்லாந்து படுத்திருந்தான். நெஞ்சின்மேல் பானை. வாயில் அதிரசம்.

"பிடிச்சுட்டேன்."

சூடாமணி அதிரசத்தை விழுங்கினான். "எப்ப வந்தீங்க மகாராஜா? மூச்சுச் சத்தமே கேக்கலையே."

"பேசாதே. இத்தனை நாளும் ஒரு தண்டாலாவது எடுத்தியா?"

"நீங்க வந்து பார்த்தப்போ எடுத்ததுதான்."

ராஜா கோபத்தில் கையை ஓங்கினார். ஓங்கிய கை பாதியிலேயே நின்றது. இடுப்பு வேட்டி நழுவிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. பிடித்தவர் குனிந்து பார்த்தார். வெகுகாலத்துக்குப் பிறகு தன் கால்விரல்கள் தெரிந்தன.

"நீ செய்யவே இல்லையே. அப்புறம் இது எப்படிக் கரைஞ்சுது?"

"நான் யோக்கியனா தண்டால் எடுத்திருந்தா, நீங்க என்னை நம்பிக் கீழேயே உக்காந்திருப்பீங்க மகாராஜா. நான் ஏமாத்தினதாலதான் நீங்க தினமும் மலையேறினீங்க."

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். விலா வலிக்கவில்லை. அதனால் இன்னும் சிரித்தார்.

மறுநாள் கச்சை ஒரே இழுப்பில் மாட்டியது. ராணியின் அண்ணன் யானையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தும் கேலி செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை. யோசனை எங்கிருந்து வந்தது என்று சூடாமணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ராஜா அன்னக்கொடியின் பிள்ளைக்குத் தங்கக் காப்பு போட்டார். சூடாமணிக்குப் பட்டு அங்கவஸ்திரம் போர்த்தினார். அது அவன் வயிற்றைச் சுற்றி வருவதற்குள் தீர்ந்துபோனது.

ராஜா அவன் வயிற்றைத் தட்டிப் பார்த்துச் சொன்னார்:

"நாளையிலேருந்து அதிரசப் பானையோட மேலே நான் இருக்கேன். நான் ஒழுங்கா தண்டால் எடுக்கிறேனான்னு நீ வந்து பாரு."