காவல்கார மந்தியும் ஒற்றைக்கால் கொக்கும்

காட்டுக் குளத்தின் கரையில் புள்ளிமான்கள் கூட்டமாக மேயும். கரையில் நின்ற ஆலமரத்தின் உச்சியில் பூவாத்தாள் என்ற மந்தி உட்கார்ந்து காவல் காக்கும். சிறுத்தை வந்தால் குரல் கொடுக்கும். அந்தக் குரலை நம்பித்தான் மான்கள் தலையைக் குனிந்து புல் மேயும். அந்தக் காட்டில் அதுதான் வழக்கம்.

ஒருநாள் பூவாத்தாள் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சிறுத்தை வந்து ஒரு மான்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மந்தியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதற்கு மனசு ஆறவேண்டுமே! அன்று முதல் ஒரு பழம்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. உடம்பு விறைத்துப்போய், இமை கொட்டாமல் உட்கார்ந்திருந்தது. சருகு உருண்டால் கத்தும். காட்டுக்கோழி மண்ணைக் கிளறினால் கத்தும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? ஓணான் ஓடினாலும் அதற்குச் சிறுத்தைதான்.

மான்கள் ஓடி ஓடி இளைத்துப்போயின. தாய்மான்களுக்குப் பால் வற்றிவிட்டது. ஒரு காலையில் மூத்த மான் மாரக்காள் மரத்தடிக்கு வந்தது.

"பூவாத்தா, உன்மேல் கோபமில்லை. ஆனா குட்டிங்க பசியில் துவண்டு கிடக்குதுங்க. இன்னும் ஒரு தடவை நீ சும்மா கத்தினா, அப்புறம் உன் குரலுக்கு நாங்க ஓடமாட்டோம்."

"நிசமாவே சிறுத்தை வந்துட்டா?"

"அதை நினைச்சாத்தான் எனக்கும் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு மாரக்காள் போய்விட்டது.

உச்சிவெயிலில் மான்கள் முட்புதருக்குள் போய்ப் படுத்ததும், மந்தி தண்ணீர் குடிக்கக் குளத்துக்கு இறங்கியது. ஒரு வாய் குடிப்பதற்குள் நாலு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் சிவனே என்று நின்றிருந்தது.

"உனக்கென்ன, கவலையில்லாத பிறவி" என்றது மந்தி.

"யார் சொன்னது? இந்தக் குளத்தில் முதலை இருக்கு. பதறினா எனக்கு மீனும் கிடைக்காது, முதலை வர்றதும் தெரியாது. அதான் இப்படி நிற்கிறேன்."

அடடே, இதுதான் மருந்து என்று நினைத்தது மந்தி. உடனே பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, ஒற்றைக்காலில் நின்றது. தொப்பென்று சேற்றில் விழுந்தது. எழுந்து நின்றது. மறுபடி விழுந்தது.

"சண்டைக்கு நிற்கிற மாதிரி ஏன் நிற்கிறே?" என்று சிரித்தது கொக்கு. "ஒற்றைக்கால் என் உடம்புக்குச் சுகம். உன் உடம்புக்கு எது சுகமோ அதைச் செய். மூச்சை மட்டும் பிடிச்சு வைக்காதே. மெல்ல விடு."

மந்தி சம்மணம் போட்டு உட்கார்ந்தது. இரண்டு கையையும் மேலே தூக்கிச் சோம்பல் முறித்தது. பிறகு மெல்ல முன்னால் குனிந்து, நெற்றியை ஈர மண்ணில் வைத்தது. மூச்சு நீளமாக வெளியே போனது. இறுகிக் கிடந்த தோள் இளகியது. அதோடு அழுகையும் வந்தது. செத்துப்போன குட்டிக்காக அது அன்றுதான் வாய்விட்டு அழுதது. கொக்கு அதைத் தடுக்கவில்லை.

அன்று முதல் மான்கள் மேய வருவதற்கு முன்னால் மந்தி தினமும் அப்படிச் செய்தது. சருகு உருளும். கத்தல் தொண்டைவரை வரும். ஒரு மூச்சை மெல்ல விட்டுக் காது கொடுக்கும். ஓ, சருகுதான்! மான்கள் வயிறார மேய்ந்தன.

நான்காம் நாள் சாயங்காலம், மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த காட்டுக்கோழி சட்டென்று அசையாமல் நின்றது. மந்தி ஒரு மூச்சை மெல்ல விட்டது. உற்றுப் பார்த்தது. கோரைப்புல்லுக்கு நடுவில் ஒரு வால் நுனி ஆடியது.

"சிறுத்தை!"

ஒரே குரல்தான். நடுக்கமே இல்லாத குரல். மாரக்காள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாய்ந்தது. கூட்டம் மொத்தமும் அதன் பின்னால் பாய்ந்தது. சிறுத்தையின் நகத்தில் சிக்கியது வெறும் புல்தான். மேட்டில் போய் நின்று மாரக்காள் குட்டிகளைப் பார்த்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

பதறிக் காவல் காப்பவனுக்கு எல்லாமே ஆபத்தாகத் தெரியும். உடம்பைத் தளர்த்தி, மூச்சை நிதானமாக விடுகிறவனுக்கே உண்மையான ஆபத்து எதுவென்று தெரியும்.